பதில் வராத அழைப்பு

நினைவு ஏதுமற்ற ஓர் இயந்திரம் எவ்வாறு விழித்தெழுகிறது? கணினியைப் பற்றிப் பேசுவோர் அதன் வேகத்தையும் விலையையும் பேசுகின்றனரே தவிர, இக்கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலரே. மின்சாரம் பாயும் அந்த முதல் நொடியில் தான் செய்ய வேண்டிய வேலை இன்னதென்று கணினிக்குத் தெரியாது. தன்னுள் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்ட மிகச் சிறிய நிரல் ஒன்றே அதன் முதல் அறிவு. அந்தச் சிறு நிரல் தன்னைவிடச் சற்றே பெரிய நிரலைத் தேடி எடுக்கிறது; அது தன்னிலும் பெரியதொன்றை அழைக்கிறது. இவ்வாறு படிப்படியாக முழுக் கணினியும் எழுந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் இதனைப் 'பூட்' செய்தல் என்பர். காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்ற பழைய வேடிக்கைப் பேச்சிலிருந்து பிறந்த சொல் அது. தமிழில் நாம் துவக்கம் என்கிறோம்.

பெரும்பாலான கணினிகளில் இந்தத் தேடல் அவற்றின் வட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். ஆனால் வட்டே இல்லாத கணினிகளும் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகை, அதன்மேல் ஒரு செயலி, சிறிது நினைவகம், கேபிள் செருக ஒரு துளை, இவ்வளவுதான். பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு எழுதி வெளியிட்ட லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பே இன்று இத்தகைய பலகைகளில் பெரும்பாலும் ஓடுகிறது. நம் வீட்டு வைஃபை பெட்டிக்குள்ளும், தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளும் நாம் அறியாமலேயே அது இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் உருவாக்கிய 'சக்தி' செயலியின் முதற்சில்லுகள் 2018ஆம் ஆண்டு வந்தபோது, அவற்றில் லினக்ஸைத் துவக்கிக் காட்டியதே அவை உயிர்பெற்றன என்பதற்குச் சான்றாக அமைந்தது.

இப்படிப்பட்ட பன்னிரண்டு சிறு பலகைகள் நம் சங்கரன்கோவிலிலும் இருக்கின்றன. விசைத்தறிகளின் ஓசை ஓயாத தெருவொன்றில், பகலெல்லாம் பூட்டிக் கிடந்த ஒரு கூடத்தில், மாலை நேரப் பயிற்சி மையம் ஒன்றை அன்பர் சிலர் நடத்தி வருகின்றனர். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இருபத்து நால்வர், இரண்டு முறையாகப் பிரிந்து, தமிழ்த் தட்டச்சும் நிரல் எழுதுதலும் பயில்கின்றனர். முழுக் கணினிகள் வாங்கப் பணமில்லை. எனவே பன்னிரண்டு பலகைகளும், அவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரே ஒரு பழைய கணினியும் வைத்து மையம் தொடங்கப்பட்டது. அந்தப் பழைய கணினியே சேவையகம். பலகைகளில் மெமரி கார்டு கிடையாது. நம் ஊரில் மின்சாரம் போய்வரும் போக்கில் கார்டுகள் அடிக்கடி பழுதாகும்; கோப்புகள் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்றைச் சீர்செய்தால் பன்னிரண்டும் சீராகும். ஆகவே ஒவ்வொரு மாலையும் பன்னிரண்டு பலகைகளும் கேபிள் வழியாகவே தங்கள் நிரல்களைப் பெற்று விழித்தெழும்படி அமைத்திருந்தனர்.

அது நிகழும் முறையை வாசக அன்பர்கள் ஒரு சிறு உவமையால் உணரலாம். முன்பின் அறியாத ஊருக்கு ஒருவன் இரவில் வந்து இறங்குகிறான். தன் பெயரைத் தவிர அவனுக்கு எதுவும் தெரியாது. தெருவில் நின்று, "இன்ன பெயருடையவன் வந்திருக்கிறேன், எனக்குத் தங்க இடம் தருவார் யாரேனும் உண்டா?" என்று உரக்கக் கூவுகிறான். ஊர்ப் பெரியவர் ஒருவர் அக்குரலைக் கேட்டு, "உனக்கு இன்ன கதவிலக்கம், உன் உடைமைகள் இன்னார் வீட்டில் இருக்கின்றன, போய் வாங்கிக்கொள்" என்கிறார். அவன் அவ்வீட்டிற்குச் சென்று மூட்டையைச் சிறிது சிறிதாகத் தூக்கி வருகிறான். அதன் பிறகே வாழத் தொடங்குகிறான்.

இந்த உரையாடலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஒழுங்குமுறை உண்டு. ஒவ்வொன்றையும் வகுத்தளித்த மனிதர் உண்டு. கூவி முகவரி பெறும் முறையை 'பூட்பி' என்ற பெயரில் 1985ஆம் ஆண்டு பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் என்னும் இருவர் எழுதினர். அதனை விரிவாக்கி, ரால்ஃப் டிராம்ஸ் 1993ஆம் ஆண்டு 'டி.எச்.சி.பி.' என்ற முறையாக வெளியிட்டார். மூட்டையைச் சிறிது சிறிதாகத் தூக்கி வரும் முறைக்கு 'டி.எஃப்.டி.பி.' என்று பெயர். 1981ஆம் ஆண்டு கேரன் சொலின்ஸ் என்னும் அம்மையார் அதன் விதிகளை எழுதினார். 512 பைட்டு கொண்ட ஒரு துண்டு வரும். "பெற்றுக்கொண்டேன்" என்று சொன்னால்தான் அடுத்த துண்டு புறப்படும். 512க்குக் குறைந்த துண்டு வந்துவிட்டால் அதுவே முற்றுப்புள்ளி. பிறகு எழுந்து நிற்கும் லினக்ஸ் தன் கோப்புகளையெல்லாம் 'என்.எஃப்.எஸ்.' என்னும் முறையில் சேவையகத்திலிருந்தே படித்துக்கொள்ளும். இது சன் நிறுவனம் 1984ஆம் ஆண்டு உருவாக்கியது. நான்கு பேர் கைமாற்றி ஏற்றும் விளக்குப் போன்றது இத்துவக்கம். ஒரு கை தவறினாலும் விளக்கு எரியாது. எந்தக் கை தவறியது என்று இருளில் தெரியவும் தெரியாது.

2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் மையம் பூட்டியிருந்தது. மே மாதத்து இடிமழை ஒன்றில், பலகைகளையும் சேவையகத்தையும் இணைத்திருந்த சுவிட்சுப் பெட்டி கருகிப் போயிற்று. அலுவலகம் ஒன்று தான் பயன்படுத்திக் கழித்த, ஆனால் மிகத் தரமான பெட்டி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தது. அதே விடுமுறையில் பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர், பல ஆண்டுகளாகத் தொடாமல் கிடந்த சேவையகத்தின் மென்பொருளை முழுவதும் புதுப்பித்துக் கொடுத்தார். சூன் மாதம் மையம் திறந்தபோது பன்னிரண்டு திரைகளும் கறுத்தே இருந்தன. ஒரு பலகையும் எழவில்லை.

ஊர் மின்பணியாளர் வந்து பார்த்தார். பலகைகளில் மின்விளக்கு எரிகிறது. சுவிட்சுப் பெட்டியில் விளக்கு எரிகிறது. மடிக்கணினியை அதே கேபிளில் செருகினால் முகவரி கிடைக்கிறது. ஆகவே கேபிளும் சரி, பெட்டியும் சரி, சேவையகமும் சரி. இடியில் பலகைகள்தாம் செத்துவிட்டன என்று தீர்ப்புச் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. நிர்வாகக் குழு கூடியது. பலகைகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பழைய மேசைக் கணினிகள் நான்கு வாங்கலாம் என்பது முடிவு. பன்னிரண்டு இடங்கள் நான்காகும். இருபத்து நால்வர் எட்டுப் பேராவர்.

"அண்ணாச்சி, இது இனி ஓடாது. இருக்கிற விலைக்காவது போகட்டும்" என்றார் குழுவின் மூத்தவர்.

பழுது பார்க்கும் பொறுப்பை ஏற்றிருந்த நாம் ஏழு நாள் தவணை கேட்டோம். அவர் தலையசைத்தார், அதில் நம்பிக்கையைவிடப் பரிவே மிகுதியாக இருந்தது.

அந்த எட்டுப் பேருள் இடம்பெற மாட்டாதவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டில் இருந்த பெண் ஒருத்தி மையத்திற்கு வந்து கொண்டிருந்தாள். பகலில் தறிக்குத் தார் சுற்றுவாள். மாலையில் இங்கே வருவாள். கட்டணம் கட்ட இயலாதவள், அதிகம் பேசாதவள். இடம் குறைந்தால் முதலில் தானாகவே ஒதுங்கிக்கொள்வாள். அதன்பின் தார் சுற்றும் வேலை முழுநாளுக்கும் ஆகிவிடும். அவளையே நாம் துணைக்கு அழைத்தோம். அவளுடைய அண்ணன் மேனிலைப் பள்ளியில் படித்தபோது, 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாற்பது பக்க நோட்டும் கொண்டுவரச் சொன்னோம்.

பழுது தேடுவதற்கு நம் தொழிலில் மூன்று விதிகள் உண்டு. முதலாவது, எந்த இடம்வரை சரியாக நடந்தது என்று பார்த்து, வழியைப் பாதியாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றாவது, மாற்றியதையும் கண்டதையும் அப்போதே எழுதி வைக்க வேண்டும். மூன்றும் எளியவை, அவசரம் வரும்போது மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைநழுவிப் போகின்றவை.

சில வகைப் பலகைகள் தம் துன்பத்தைத் தாமே சொல்லும். செர்மனி நாட்டு வுல்ஃப்காங் டெங்க் தொடங்கி வளர்த்த 'யூ-பூட்' என்னும் துவக்க நிரல் உள்ள பலகைகளில், கோப்பு வந்து சேராமல் காலம் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் திரையில் 'டி' என்னும் ஆங்கில எழுத்து ஒன்று விழும். வரிசையாக அவ்வெழுத்தைக் கண்டால், முகவரி கிடைத்துவிட்டது, கோப்புதான் வரவில்லை என்று அறிந்து, நேரே சேவையகத்தின் தடுப்புச் சுவரையோ கோப்பின் பெயரையோ பார்க்கலாம். டெங்க் 2022ஆம் ஆண்டு மறைந்தார். அந்த எழுத்து இன்றும் உலகெங்கும் பொறியாளர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறது. மையத்தின் பலகைகளுக்கோ அந்த நாவும் இல்லை. அவற்றின் முதல் நிரல் திரையில் எதையும் காட்டாது. ஆகவே அவை பேசாத இடத்தில், கேபிளைக் கேட்கச் சொன்னோம்.

கேபிளில் செல்லும் செய்திகளை ஒட்டுக்கேட்க 'டி.சி.பி.டம்ப்' என்ற கருவிநிரல் உண்டு. அதைச் சேவையகத்தில் ஓடவிட்டு, முதலில் மடிக்கணினியைச் செருகினோம். அதன் கூக்குரல் பதிவாயிற்று. காது கேட்கிறது என்பது உறுதியாயிற்று. பிறகு ஒரு பலகைக்கு மின்சாரம் கொடுத்தோம். ஒன்றும் பதிவாகவில்லை. இரண்டாவது பலகை, மூன்றாவது பலகை, பன்னிரண்டாவது வரை மௌனம். மின்பணியாளரின் தீர்ப்பே மெய்யாகும் போலிருந்தது. ஆனால் பன்னிரண்டும் ஒரே நாளில், ஒரே விதமாக ஊமையாவது அரிது என்று நோட்டில் எழுதிவிட்டு அன்று வீடு திரும்பினோம்.

மறுநாள் மாலை அந்தப் பெண் மடிக்கணினியைச் செருகி எடுத்து, மறுபடியும் செருகிக்கொண்டிருந்தாள். உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

"என்னம்மா எண்ணுகிறாய்?" என்று கேட்டோம்.

"சார், மார்ச்சு மாசம் இதே இடத்தில செருகின உடனே முகவரி வந்துச்சு. இப்போ முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணினாத்தான் வருது. விளக்கும் மொதல்ல ஆரஞ்சா எரிஞ்சு, அப்புறம்தான் பச்சையாகுது."

எல்லாரும் "முகவரி கிடைக்கிறது" என்று மட்டுமே பார்த்தனர். எவ்வளவு நேரத்தில் கிடைக்கிறது என்று அவள் பார்த்திருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தில் முதற்சிக்கலின் முடிச்சு அவிழ்ந்தது.

தரமான சுவிட்சுப் பெட்டிகளில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. ஒரு பெட்டியையும் மற்றொரு பெட்டியையும் தவறுதலாக இரு கேபிள்களால் இணைத்துவிட்டால், ஒரு செய்தி அவற்றுக்கிடையே முடிவின்றிச் சுற்றிப் பெருகி, வலைப்பின்னலையே மூழ்கடித்துவிடும். இதைத் தடுக்க 1985ஆம் ஆண்டு ராடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் 'ஸ்பேனிங் ட்ரீ' என்னும் வழிமுறையைக் கண்டார். சுற்று இல்லாத ஒரு மரம்போல இணைப்புகளை அமைத்துக்கொள்ளும் முறை அது. தம் கண்டுபிடிப்பை அவர் ஒரு சிறு கவிதையாகவும் எழுதி வைத்தார் என்பது இத்துறையில் புகழ்பெற்ற செய்தி. இந்த வழிமுறையின்படி, ஒரு துளையில் புதிதாக யாரேனும் வந்து சேர்ந்தால் பெட்டி உடனே கதவைத் திறக்காது. 15 நொடி கவனிக்கும். இன்னும் 15 நொடி அறிந்துகொள்ளும். அதன் பிறகே செய்திகளை உள்ளே விடும்.

மையத்தின் பலகைகளோ மின்சாரம் வந்தவுடன், அந்த அரை நிமிடத்துக்குள்ளேயே, ஐந்து முறை கூவும். ஐந்து முறையும் கதவு அடைத்தே இருக்கும். அதன் பிறகு பலகை கூவுவதை நிறுத்திவிட்டு, மின்சாரத்தை அணைத்துப் போடும்வரை வாய் திறக்காது. மடிக்கணினி பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்ததால் அதற்குக் கதவு திறந்தது. பழைய பெட்டி மலிவானது, காவல் இல்லாதது, வந்தவுடன் உள்ளே விட்டது. ஆகப் பலகைகள் ஊமைகளல்ல. அவை கூவியிருக்கின்றன, நம் காதுக்குத்தான் எட்டவில்லை.

ஆயினும் ஊகம் வேறு, மெய்ப்பிப்பு வேறு. ஐந்து துளையுள்ள ஒரு மலிவான சிறு பெட்டியை இரவல் வாங்கி, அதைப் பெரிய பெட்டியோடு இணைத்து, பச்சை விளக்கு எரியும்வரை காத்திருந்தோம். கதவு இப்போது திறந்தாயிற்று. பிறகு ஒரு பலகையைச் சிறு பெட்டியில் செருகி மின்சாரம் கொடுத்தோம். மறு நொடியே சேவையகத்தின் திரையில் அதன் கூக்குரல் விழுந்தது. முகவரி போயிற்று; கோப்புகள் துண்டு துண்டாகப் புறப்பட்டன. அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

தீர்வு எளிது. பெரிய பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், பலகைகள் செருகும் பன்னிரண்டு துளைகளையும் 'கடைக்கோடித் துளைகள்' என்று அறிவித்தால் போதும். அவை காத்திராமல் உடனே திறக்கும். ஆனால் ஒரு பெட்டியை இன்னொரு பெட்டியோடு இணைக்கும் துளைக்கு இதைச் செய்தலாகாது. காவலையே முழுதும் நீக்குவதும் தகாது. பிள்ளைகள் நடமாடும் கூடத்தில் ஒருநாள் யாரேனும் ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே பெட்டியில் செருகிவிடக் கூடும்.

பலகைகள் இப்போது திரையில் பேசத் தொடங்கின. ஆனால் லினக்ஸ் பாதி தூரம் எழுந்து, 'வேர்க் கோப்பகத்தை ஏற்ற இயலவில்லை' என்ற பொருள்படும் வரியோடு நின்றது. முதற்சிக்கல் தீர்ந்ததால்தான் இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. பழுது தேடுவோர் பலர் மனமுடைவது இந்த இடத்தில்தான். "மறுபடியுமா?" என்று சோர்ந்து, சரிசெய்ததையும் பழைய நிலைக்கு மாற்றிவிடுவர். நோட்டு நம்மைக் காத்தது. முன்பு கூக்குரலே வரவில்லை. இப்போது நான்கு படிகளில் மூன்று கடந்தாயிற்று. ஆகவே தேடவேண்டியது கடைசிப் படி ஒன்றையே.

என்.எஃப்.எஸ். முறைக்குப் பல பதிப்புகள் உண்டு. இரண்டாம் பதிப்பின் விதிகள் 1989ஆம் ஆண்டும், மூன்றாம் பதிப்பின் விதிகள் 1995ஆம் ஆண்டும் வெளியாயின. வேர்க் கோப்பகத்தைக் கேபிள் வழியே பெறும்போது, வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், லினக்ஸ் கருவின் பழைய பதிப்புகள் இரண்டாம் பதிப்பிலேயே பேசும். புதிய சேவையக மென்பொருள்களோ அந்த முதிய மொழியைக் கைவிட்டுவிட்டன. "நீ எந்தெந்தப் பதிப்புகளில் பேசுவாய்?" என்று சேவையகத்தைக் கேட்கும் கட்டளை ஒன்று உண்டு. அதைத் தட்டச்சு செய்யும் வேலையை அந்தப் பெண்ணிடமே விட்டோம். மூன்று, நான்கு என்று விடை வந்தது, இரண்டு இல்லை. துவக்கக் கட்டளை வரியில் 'மூன்றாம் பதிப்பு' என்று குறிக்கும் ஒரு சிறு சொல்லைச் சேர்த்தோம். பலகைகள் பன்னிரண்டுக்கும் கோப்பு ஒன்றே என்பதால், ஒரே திருத்தத்தில் பதினொரு திரைகள் எழுந்தன.

பதினொன்றுதான். சன்னலோர மேசையில் ஒன்று மட்டும் எழுந்தும் எழாமலும் தடுமாறியது. கோப்பு பாதி வரும், நின்றுவிடும். அந்தப் பலகையை எடுத்து அடுத்த மேசையில் வைத்தோம். அங்கே நன்றாக எழுந்தது. அடுத்த மேசைப் பலகையைச் சன்னலோரம் வைத்தோம்; அது தடுமாறியது. குற்றம் பலகையோடு நகரவில்லை, இடத்தோடு தங்கிவிட்டது. மேசையை நகர்த்திப் பார்த்தால், விடுமுறையில் எலி கேபிளைக் கடித்திருந்தது. புதிய கேபிளின் விலை அந்த மாலை நாம் அருந்திய தேநீரின் விலையைவிடச் சற்றே அதிகம்.

நான்காம் நாள் மாலை பன்னிரண்டு திரைகளும் ஒளிர்ந்தன. மூத்தவர் வந்தார். ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். எதுவும் சொல்லாமல் அந்தப் பெண்ணிடம் நோட்டை வாங்கிப் படித்தார். பழைய கணினிகளை வாங்கும் பேச்சு அன்றோடு நின்றது.

அவளுடைய தந்தையும் அன்று மகளை அழைத்துச் செல்ல வந்திருந்தார். நடந்ததை அவள் சொல்லக் கேட்டு, அவர் பெரிதாக வியக்கவில்லை. "தறி நின்னா மொத்தப் பாவையும் அறுத்துப் போடுவோமா அண்ணாச்சி? அறுந்த இழை எதுன்னு விரல் வச்சுத் தேடித்தான் முடிச்சுப் போடணும்" என்றார். ஆயிரக்கணக்கான இழைகளுள் அறுந்த ஒன்றை விரல் நுனியால் கண்டுகொள்ளும் மனிதர் அவர். மகளுக்கு அந்தக் கவனம் எங்கிருந்து வந்தது என்று நாம் வியந்ததற்கு விடை அவருடைய கைகளில் இருந்தது.

இந்நிகழ்ச்சியை எண்ணும்போதெல்லாம் நம்மை வருத்துவது ஒன்றுண்டு. அந்த மின்பணியாளர் திறமையற்றவர் அல்லர்; அவர் செய்த சோதனைகளும் தவறானவை அல்ல. மடிக்கணினிக்கு விடை கிடைத்ததால் வழி திறந்திருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். வழி திறந்துதான் இருந்தது. ஆனால் காத்திருக்கத் தெரிந்தவர்க்கே அது திறந்திருந்தது. ஐந்து முறை கூவிவிட்டு அடங்கிப் போகிறவர்களுக்கு அது அடைத்தே இருந்தது. மையத்திலும் பள்ளிகளிலும் நாம் காணும் பிள்ளைகள் பலர் அப்படிப்பட்டவர்களே. இரண்டொரு முறை கை உயர்த்துவர். கவனிப்பார் இல்லையெனில் அதன்பின் உயர்த்த மாட்டார்கள். "அவனுக்கு வழி கிடைத்ததே, இவளுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்டு, குற்றத்தை அந்தப் பிள்ளையின் மேல் எழுதிவிடுகிறோம். கதவு திறக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிப் பார்ப்போர் அரியர்.

லினக்ஸின் கருவுக்குள் ஒரு சிறு வரி உண்டு. தன் வேர்க் கோப்பகம் கேபிளின் மறுமுனையில் இருக்கிறது என்று அறிந்த கரு, முகவரி கிடைக்காமல் போனால், 'என்றென்றும் மீண்டும் முயல்வேன்' என்ற பொருள்பட ஒரு செய்தியைத் திரையில் எழுதிவிட்டுத் தொடர்ந்து கேட்டுக்கொண்டேயிருக்கும். அதற்கு வேறு வழியில்லை. வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவைக் கொண்டுவர வேண்டிய முதல் நிரலுக்கோ ஐந்து முறைதான் பொறுமை. பெரிய பொறுமை பின்னால் காத்திருக்க, சிறிய பொறுமை வாசலிலேயே தீர்ந்துவிடுகிறது. மனிதரிடத்தும் இதுவே நிகழ்கிறது. தொடங்கிவிட்டால் எத்துணை இடர் வந்தாலும் தளராத பிள்ளைகள், தொடங்கும் முன்னுள்ள அந்த முதல் அரை நிமிடத்தில் வாடிப் போகின்றனர். அங்கே சற்றுத் துணை நிற்பதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஐந்து துளையுள்ள அந்த மலிவான பெட்டி செய்த வேலையைப் போன்றது அது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது மட்டுமே.

இன்று அந்த மையத்தின் பழுதுகளைப் பார்ப்பவள் அந்தப் பெண்ணே. நிர்வாகக் குழு அவளுக்குச் சிறியதொரு மாத ஊதியம் தருகிறது. காலையில் இன்னும் தார் சுற்றுகிறாள். அந்த வேலையும் வீட்டுக்கு வேண்டியிருக்கிறது. நாற்பது பக்க நோட்டு நிறைந்து, மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பழுது என்ன, எதை மாற்றினோம், என்ன கண்டோம் என்று மூன்று கட்டங்கள் இட்டு எழுதியிருக்கிறாள். அண்மையில் ஆடித்தபசு விடுமுறை முடிந்து மையம் திறந்தபோது இரண்டு பலகைகள் எழவில்லையாம். நமக்கு ஆள் அனுப்பவில்லை. நாம் போய்ச் சேர்ந்தபோது புதிதாய்ச் சேர்ந்திருந்த சிறுவன் ஒருவனைச் சுவிட்சுப் பெட்டியின் முன் உட்கார வைத்து, விளக்கு ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக எத்தனை நொடி ஆகிறதென்று உரக்க எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தாள்.